மாடி அறைக்கு ஒரு கோட் வெள்ளை

என் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க வந்த ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். "இந்த வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சிருக்காங்களா அங்கிள்?" என்று அவள் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். தன் நான்கு வயது மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுப்பு உண்டு என்று படியேறும்போதே சொல்லியிருந்தாள். நாங்கள் நின்றிருந்த அந்த அறையில் பதினோரு ஆண்டுகள், நாள் தவறாமல், நான் சிகரெட் பிடித்திருந்தேன்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்லவும் எனக்குத் தெரியும். படித்தவனுக்கு அது கைவந்த வேலை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் திருப்போரூர்ப் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஏழு பேர் ஒரே அறையில் படுத்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய், பௌதிகம் படித்து, கடற்கரையில் இருந்த அணு நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அணுபுரம் குடியிருப்பில் இருபத்தாறு ஆண்டுகள். ஓய்வு பெற்றதும் புதுப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டினேன். கீழே நானும் மனைவியும். மாடியில் ஒரு சமையலறை, ஒரு கூடம், அதையொட்டி எனக்கென்று ஓர் அறை. கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறை ஒன்று வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு இருந்த ஆசை.

குடிபோன அன்றே மனைவி சட்டம் போட்டுவிட்டாள். "கீழ ஒரு துண்டு சிகரெட்டக் கூட நான் பாக்கக் கூடாது. மேல போய் எதை வேணா பிடிச்சுக்கோங்க." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கடல் காற்று பட்டால் எங்கள் பக்கத்தில் ஜன்னல் கொண்டியிலிருந்து பீரோ வரை எல்லாம் துருப்பிடிக்கும். அதனால் கொஞ்சம் வசதி வந்ததும் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டேன். சாத்திய அறைக்குள் நாற்காலி, புத்தகங்கள், ஒரு கண்ணாடிச் சாம்பல் கிண்ணம். புகை அதிகமானால் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறப்பேன். புகை வெளியே போய்விடும். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இந்தத் தவறை வேறு யாரும் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் செய்ததற்குச் சாக்கு இல்லை. என் வேலையே அதுதான். நிலையத்தில் ஒரு மேஜையோ சுவரோ தரையோ சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, வட்டமான மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, உள்ளங்கை அகல இடத்தைத் துடைத்து, கருவியில் வைத்துப் பார்ப்போம். தாளில் வந்தால் அது உதிரி அழுக்கு. கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்குப் போகும். தாளில் வராமல், கருவியை அருகில் கொண்டுபோனால் மட்டும் தெரிந்தால் அது ஒட்டிய அழுக்கு. சுரண்ட முடியாத இடத்தில் ஒட்டியிருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடித்து மூடலாம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. அடியில் ஒரு நிறம், மேலே வேறு நிறம். மேல் பூச்சு தேய்ந்தால் அடி நிறம் தெரிந்து எச்சரிக்கும். பக்கத்திலேயே, இங்கே மூடப்பட்டிருக்கிறது என்று எழுதியும் வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒரு பொருள் இல்லாமல் போய்விடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து பற்றவைப்பேன்.

ஓய்வு பெற்ற பதினோராம் ஆண்டில் நெஞ்சில் அடைப்பு வந்தது. செங்கல்பட்டில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றோடு சிகரெட்டை விட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பழையதெல்லாம் கழிந்துவிட்டது போல எனக்கு இருந்தது. படியேற வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மாடி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பிறகு, சும்மா கிடப்பதற்கு யாராவது குடும்பம் குடியிருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பெயிண்ட் அடிக்க வந்தவர் உள்ளூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். அறைக்குள் நுழைந்ததும் நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை நனைத்து ஓர் இடத்தில் தேய்த்தார். துண்டு பழுப்பானது.

"இன்னா சார், செவுத்துக்கு டீ ஊத்தி வளத்தியா?"

"பழைய சுவர்ப்பா. கலர் மங்கியிருக்கு."

"மங்கறதா? காலண்டர் மாட்டுன எடம் மட்டும் வெள்ளையா கீது பாரு. மீதி பூரா சிகரெட்டு சார். எங்க நைனா படுத்துகினு இருந்த ரூமும் இப்டியேதான் இருந்துச்சு."

"பெயிண்ட் அடிச்சா போயிடுமா?"

"மறஞ்சிடும். போவாது. சோப்பு போட்டு ரெண்டு வாட்டி கழுவணும். காயணும். அப்பால கெட்டியா ப்ரைமரு, அதுக்கும் அப்பால பெயிண்ட்டு. ஒரு பத்து நாள் வுடு."

"ஞாயித்துக்கெழமை வீடு பாக்க வராங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப ஒரு கோட் வெள்ளை அடிச்சு வுட்டுர்றேன். நாளிக்கு என்னைச் சொல்லக் கூடாது."

அடித்துவிட்டார். அறை பளிச்சென்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் வந்தது. தேனிப் பக்கத்துக்காரர்கள். கணவர் நிலையத்தில் ஆராய்ச்சிப் பிரிவு. அவளுக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாள். எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வருகிறவர்கள் தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்கள், நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்பார்கள். இளம் வயதில் எத்தனையோ வாசல்களில் என்னை அந்தக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதனால் நான் யாரையும் கேட்பதில்லை. அதில் எனக்கு, நான் நேர்மையான வீட்டுக்காரன் என்று ஒரு கர்வம்கூட உண்டு. அவள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பெயிண்ட் வாசனைதான் இருக்கு. நல்லது" என்றாள். "இவர் ஆபீஸ்ல சொன்னாங்க அங்கிள், சேஃப்டில இருந்தவர் வீடு, எல்லாம் சுத்தமா இருக்கும்னு. அதான் நம்பி வந்தோம்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சேஃப்டியில் இருந்தவர் என்று சொன்னவளிடம், நான்தான் பிடித்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

மனைவி தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவர்கள் போனதும் கேட்டாள். "எதுக்கு இப்பிடி ஒரு பொய்?"

"நிறுத்தித்தான் ரெண்டு வருஷம் ஆச்சே."

"நிறுத்திட்டீங்களான்னா அவ கேட்டா?"

ஆனியில் அவர்கள் குடிவந்தார்கள். வெளித் தூசி படாமல் குழந்தை தூங்க வேண்டும் என்று, ஏசி இருந்த அறையை அதற்குக் கொடுத்தார்கள். என் நாற்காலி இருந்த இடத்தில், சுவரையொட்டி, அதன் கட்டில்.

குழந்தை எங்களோடு சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. பள்ளியிலிருந்து வந்ததும் கீழே எங்கள் வீட்டில் புகுந்துகொள்ளும். என்னைக் "கீழ் வீட்டுத் தாத்தா" என்று கூப்பிடும். இரண்டு மாதத்தில் இழுப்பு அதிகமானது. படியிறங்கி வரும்போதே அந்த மெல்லிய சீட்டிச் சத்தம் முன்னால் வரும். அம்மா ஒவ்வொன்றாகக் காரணம் தேடினாள். தரைவிரிப்பை எடுத்தாள். பொம்மைகளை மூட்டை கட்டினாள். கொசுவர்த்தியை நிறுத்தினாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தயங்கித் தயங்கிக் கீழே வந்தாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. சாம்பிராணிப் புகை மேல வருது. பாப்பாவுக்கு அதுதான் ஒத்துக்கலையோன்னு..."

என் மனைவி கையில் தூபக்கால் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறவள். கொல்லைக்குப் போய்க் கங்கில் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் தெருவில் தென்னை ஓலையைப் போட்டுக் கொளுத்தினார். நான் விறுவிறுவென்று போய்ச் சண்டை பிடித்தேன். "மாடியில குழந்தைக்கு இழுப்பு. உங்களுக்கு அறிவில்லையா?"

அவர் நிதானமாக ஓலையைக் கிளறிவிட்டார். "இன்னா அண்ணாத்த, மாடில குந்திகினு நீ வுட்ட பொகை எங்க வூட்டு சோத்துப் பானை வரிக்கும் வந்துச்சு. இப்ப என்னாண்ட நாயம் பேச வந்துட்ட?"

நான் சட்டென்று எங்கள் பால்கனியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அப்போது மனதில் வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வெயிலே இல்லை. நான்காம் நாள் காலை அவள் மாடியிலிருந்து கூப்பிட்டாள். "அங்கிள், சுவர்ல தண்ணி லீக் ஆகுது, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மெதுவாகப் படியேறினேன். என் அறைச் சுவரில், வெள்ளைப் பூச்சின் மேல், தேன் நிறத்தில் துளித்துளியாக நின்றிருந்தது. சில துளிகள் வழிந்து பழுப்புக் கோடுகளாகக் காய்ந்திருந்தன. ஈரத்தில் கிளம்பிய வாசனையை என்னால் மறக்க முடியாது. என் பழைய சாம்பல் கிண்ணத்தைக் கழுவும்போது வருகிற வாசனை.

"தாத்தா, செவுரு அழுவுது" என்றது குழந்தை. கட்டிலில் முழங்காலிட்டு, ஒரு துளியை விரலால் தொட்டு, இன்னொரு துளியோடு சேர்த்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வழக்கம்போல் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டது.

சுவரிலிருந்து கை, கையிலிருந்து வாய். ஆண்டுக்கணக்கில் நான் வகுப்பெடுத்த பாடம் என் கண் முன்னே நடந்தது.

"மழைக் கசிவும்மா. ஆள் வரச் சொல்றேன்" என்றேன். அது இரண்டாவது பொய்.

அதே பெயிண்ட்காரரை வரவழைத்து மொட்டை மாடிக்குத் தார் பூசச் சொன்னேன். அவர் மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"சார், ஒரு விரிசல் கூட இல்ல. தண்ணி மேலந்து வர்ல. உள்ளந்து வருது. நா அன்னிக்கே சொன்னேன்ல?"

"நீ தார் பூசுப்பா."

"ஒனக்கு ஏன் சார் இந்தப் பேஜாரு? அந்தம்மாவாண்ட உண்மைய சொல்லிட்டு நிம்மதியா இரேன்." சொல்லிக்கொண்டே தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். கசியாத மாடிக்குத் தார் பூசினோம்.

கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை அவள் கதவைத் தட்டினாள். கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். குழந்தை அவள் தோளில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. "தாத்தா" என்று கூப்பிடப் பார்த்தது. முதல் எழுத்தோடு மூச்சு நின்றது. காரை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. வழியெல்லாம் பின்சீட்டில் அந்தச் சீட்டிச் சத்தம். ஏரிக்கரை தாண்டிய பிறகு சத்தம் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். காற்று உள்ளே போகாததால் சத்தம் குறைந்தது என்பதை மருத்துவமனையில்தான் சொன்னார்கள்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பத்து மணி வாக்கில் மூச்சு கொஞ்சம் சீரானது. குழந்தை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதினார். "வீட்ல யாராவது ஸ்மோக் பண்றாங்களா?"

"இல்ல டாக்டர். வீடு பாக்கும்போதே கேட்டுட்டேன். வீட்டுக்காரர் அங்கிள் இவங்கதான், கேளுங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "இப்ப யாரும் இல்ல டாக்டர்" என்றேன். 'இப்ப' என்ற சொல்லை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் அடுத்த வார்டுக்குப் போகும்போது வராந்தாவில் பின்னாலேயே போனேன். "டாக்டர், ஒருத்தர் ரொம்ப வருஷம் சிகரெட் பிடிச்ச ரூம். நிறுத்தி ரெண்டு வருஷம் கழிச்சு அதுல குழந்தை படுத்தா ஏதாவது ஆகுமா?"

அவர் நின்றார். "புகை போயிடும் சார். அதுல இருந்தது போகாது. சுவத்துல, மரத்துல, துணியில, ஏசிக்குள்ள, தூசியில எல்லாம் படிஞ்சு கிடக்கும். காத்துல கலந்து வேற மாதிரி கெட்டதாவும் மாறும். ஜன்னலைத் திறந்தா, ஒரு பெயிண்ட் அடிச்சா எல்லாம் போகாது. பெரியவங்களைவிடக் குழந்தைங்களுக்குத்தான் கஷ்டம். எதையும் தொடும், வாயில வெக்கும்."

"இந்தக் குழந்தைக்கு..."

"அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இழுப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா அந்த மாதிரி ரூம்ல இவளைப் படுக்க வெக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "யாரோட ரூம் சார் அது?" என்றார்.

"என்னோடது."

"இதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க. இன்னிக்கே."

குழந்தைக்கு மாற்றுத் துணி எடுத்துவர அவள் என்னிடம்தான் மாடிச் சாவியைக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து மனைவியோடு மேலே போனேன். அவள் துணிகளை எடுத்து வைத்தாள். நான் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, கட்டில் தலைமாட்டில் உள்ளங்கை அகல இடத்தைத் துடைத்தேன். பழைய பழக்கத்தில் கை தானாகவே இடமிருந்து வலமாகப் போனது. துணி பழுப்பானது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்தச் சுவர், என்ன தேதி என்று மேலே எழுதினேன். நிலையத்தில் அப்படித்தான் செய்வோம்.

"அதை எதுக்கு எடுத்துக்கினு போறீங்க?" என்றாள் மனைவி.

"வாயால சொன்னா மழுப்பிடுவேன்."

மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெஞ்சில் அவளை உட்காரச் சொல்லி, உறையைக் கையில் கொடுத்துச் சொன்னேன். அது மழைத் தண்ணீர் இல்லை, அந்த அறையில் பதினோரு வருஷம் நான் பிடித்த சிகரெட் என்றேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"லீக்னு சொன்னப்போ?"

"அப்பவும் தெரியும்."

"ஆன்ட்டிக்கு?"

"தெரியும். எதுக்குப் பொய்னு அன்னைக்கே கேட்டா. நான்தான் சொல்லல."

"ஆன்ட்டி சாம்பிராணிய நிறுத்துனாங்க. நான் போய் அவங்களைக் குத்தம் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே நானும் மனைவியும் கீழ்ப்பகுதியில் எங்கள் சாமான்களை மூட்டை கட்டினோம். நாங்கள் மாடிக்குப் போய்விடுகிறோம், நீங்கள் கீழே வாருங்கள், கீழே யாரும் சிகரெட் பிடித்ததில்லை என்று மறுநாள் போய்ச் சொன்னேன்.

"பிடிச்சதில்லைன்னு யாரு சொல்றா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா..."

"அதான் அங்கிள்" என்றாள்.

குழந்தையை மருத்துவமனையிலிருந்து நேராக அணுபுரத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தை பிறப்பதற்குள் குடியிருப்பில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. சாமான் எடுக்க வந்த அன்று கணவர்தான் வந்தார். என்னிடம் மரியாதையாகவே பேசினார். குழந்தை வரவில்லை.

அவர்கள் போனதும் பெயிண்ட்காரரைக் கூப்பிட்டேன். சுவரைச் செங்கல் தெரியச் சுரண்டச் சொன்னேன். ஏசி, மரப் பரண், ஜன்னல் வலை எல்லாவற்றையும் கழற்றினோம். "இப்ப வந்த வழிக்கு" என்றார் அவர். புதிய பூச்சு காய்ந்த பிறகு அடியில் மஞ்சள் ப்ரைமர், மேலே வெள்ளை. "மஞ்சளா? அல்லாரும் வெள்ளைதான் சார் அடிப்பாங்க" என்றார். மஞ்சள்தான் என்றேன். கதவுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், கறுப்பு எனாமலில் நானே எழுதினேன்: 'இந்த அறையில் பதினோரு ஆண்டுகள் சிகரெட் பிடிக்கப்பட்டது. பழைய பூச்சு சுரண்டி எடுக்கப்பட்டது. அடிப்பூச்சு மஞ்சள். முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது.'

அதற்குப் பிறகு மூன்று தரப்பினர் வீடு பார்க்க வந்தார்கள். இரண்டு குடும்பங்கள் படித்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டன. மூன்றாவதாக வந்தவர்கள் ஒப்பந்த வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள். படித்துவிட்டு ஒருவன் மற்றவனைத் தட்டினான். "மச்சான், நமக்குன்னே கட்டி வெச்சிருக்காரு பாருடா!" அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மாடி காலியாகத்தான் இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள் அவளிடமிருந்து தொலைபேசி. நான் எடுத்ததும் நலம் ஏதும் விசாரிக்கவில்லை. "அங்கிள், குடியிருப்புலயே கொஞ்சம் பெரிய வீடு ஒதுக்கியிருக்காங்க. போறதுக்கு முன்னாடி நீங்க வந்து துடைச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் அது தெரியும்."

நான்கு வெள்ளைத் துணிகளும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். காலி வீடு. கணவன், மனைவி, குழந்தை மூவரும் நின்றிருந்தார்கள். குழந்தை கொஞ்சம் உயர்ந்திருந்தது. பனிக்காலத்தில் இரண்டு முறை இழுப்பு வந்ததாம். மருத்துவமனை வரை போகவில்லையாம். என்னால்தான் வந்தது என்றோ, என்னால் இல்லை என்றோ யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

"தாத்தா, உங்க வீட்டு செவுரு இன்னும் அழுவுதா?"

"இல்ல கண்ணு. நின்னுபோச்சு."

கூடத்தைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும். பெரிய படுக்கையறை சுத்தம். பின்பக்கம் வேப்பமரம் பார்த்த சிறிய அறை. அதன் ஜன்னலோரம் துடைத்தபோது துணியில் லேசான மஞ்சள் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன்.

"இந்த ரூம்ல யாரோ பிடிச்சிருக்காங்க. கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

"இதைத்தான் பாப்பாவுக்குன்னு நினைச்சிருந்தோம்" என்றார் கணவர். "இதை விட்டா இன்னொண்ணு கிடைக்க ஆறு மாசம் ஆகும் சார்." லேசாகத்தான் இருக்கிறது, கழுவினால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேனா என்பது போல் என்னைப் பார்த்தார்.

"நான் பாத்ததைச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் தன் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். என் பாட்டிலிலிருந்து தண்ணீர் வாங்கி நனைத்து, நான் துடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, நான் செய்தது போலவே இடமிருந்து வலமாகத் துடைத்தாள். இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே மஞ்சள்.

"சரி. வேற வீடு கேக்கலாம்" என்றாள் கணவரிடம்.

"ஆறு மாசம்..."

"ஆகட்டும்."

வாசல் வரை வந்தாள். "ஆன்ட்டியை வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி தூபக்காலைத் தேடி எடுத்துத் துலக்கிச் சாம்பிராணி போட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு போட்டதால் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டாள். கூடம் முழுக்கப் புகை. எனக்கே தொண்டை கமறியது. அவள் புகைக்கு நடுவில் நின்று எல்லா மூலைக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு செருமல்கூட வரவில்லை.

அணுபுரத்தில் இருந்த காலத்திலிருந்து அவளுக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சொல்லியே கஷாயமும் மாத்திரையுமாக வருடங்கள் போயின. அந்த இருமலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு இருமலே இல்லையே இப்போ" என்றேன்.

தூபக்காலை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆமா" என்றாள். "நம்ம பக்கம் மூணு வருஷமா கடல் காத்தே அடிக்கல போல."